உங்கள் ஆர்டர் கிடைத்தது

அவருடைய முதுகை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதை யாருக்கும் காட்டாமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. வகுப்பில் வெள்ளைப் பலகையின் பக்கம் திரும்பவே மாட்டார். பலகைக்கு ஓரமாக நின்று, முகத்தை எங்களிடம் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் வளைத்து எழுதுவார். எழுத்து தொடங்கிய இடத்திலிருந்து சரிந்து சரிந்து பலகையின் அடிக்கட்டையில் போய் நிற்கும். அவர் சிரிப்பு மட்டும் சரியாது.

நாங்கள் சார் என்று கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக அல்ல. பெயரைப் போட்டால் இதையும் வெட்டி எடுத்து, தன்னைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது என்று பேஸ்புக்கில் ஒட்டிக்கொள்வார். அப்படிப்பட்ட ஆள்.

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா டவுனில் பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். படிக்கட்டுக்கு மேல் ஒரு பேனர்: 'ஆன்லைன் பிசினஸுக்கு வெப் புரோகிராமிங், ஓர் அறிமுகம்.' எழுத்தைவிட அவர் படம் பெரிது. பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்டிபிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. எங்கள் குடும்பத்தில் அந்த அளவுக்குப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா தோட்டத்தில் தேயிலை வெட்டும் மெஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் நாளெல்லாம் நடப்பவர். அம்மா கையால் கொழுந்து பறித்த பழைய கொழுந்துக்காரி. கம்ப்யூட்டரில் ஏதோ சொல்லித் தருகிறார்களாம், போ என்று அப்பாதான் அனுப்பிவைத்தார். என் மகன் புரோகிராமிங் படிக்கிறான் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அவர் வாயால் சரியாகச் சொல்வதற்கு இரண்டு நாள் பயிற்சி எடுத்தார் என்பது அம்மா சொன்ன செய்தி.

முதல் சனிக்கிழமை அந்த மாடி அறைக்குள் போனதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள். கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர், லேப்டாப்போடு சிரிக்கும் ஒரு பெண், கடற்கரையில் ஓடும் ஒரு குடும்பம். எல்லாரும் இந்தக் கோர்ஸ் படித்து ஆன்லைனில் முன்னுக்கு வந்தவர்கள் என்றார். ஒரு மாதம் கழித்து டவுனில் ஃப்ரேம் விற்கிற கடைக்குள் அம்மாவோடு போனபோது அந்தக் கடற்கரைக் குடும்பம் அங்கே வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அதே குடும்பம், அதே கடற்கரை. சார் படத்தை மாற்றக்கூட இல்லை. விலைச் சீட்டை மட்டும் கிழித்திருக்கிறார்.

அவர் உடுப்பும் அப்படித்தான். எப்போதும் ஒரு கறுப்புக் கோட்டு. எங்கள் ஊர்க் குளிருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சட்டையில் கழுத்துப் பட்டையும், கோட்டு திறந்திருக்கிற அந்தக் குறுகிய முக்கோணமும் மட்டும்தான் இஸ்திரி போட்டது. கையை உயர்த்தும்போது கோட்டு விலகினால் பக்கவாட்டில் தெரியும் துணி, காய்கறிப் பாசாரில் கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் இலை மாதிரி இருக்கும். அவர் கார் கீழே நிற்கும். முன்பக்கம் பளபளக்கும். பின் பம்பரை ராஃபியா கயிற்றால் கட்டியிருப்பார். அதனால் காரைச் சுவரோரமாக, பின்பக்கம் சுவரைப் பார்க்க, அவ்வளவு கவனமாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். கேமரன் மலை முழுக்க அவ்வளவு நேர்த்தியாக ரிவர்ஸ் எடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அந்தத் திறமையை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் எங்களுக்கு லோரி ஓட்டவாவது உதவியிருக்கும்.

யாராவது அதைப் பற்றி ஏதாவது கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"முன்னாடி நல்லா இருக்கணும் லா. பின்னாடி யாரு பாக்கறா?"

இதை அவர் ஒரு தத்துவம் போலச் சொல்வார். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் நிறுத்துவார், நாங்கள் எழுதிக்கொள்வதற்காக. எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையப் பக்கம் என்பது குறிகளால் கட்டுவது. ஒரு குறி திறக்கும், ஒரு குறி மூடும், நடுவில் நம்முடைய சொல். இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் குறி வைத்துச் சொல்லிவிட்டால் திரை அதைப் புரிந்துகொண்டு காட்டும். அதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அதனால்தான் அவராலும் சொல்லித் தர முடிந்தது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தலை என்று ஒரு பகுதி, உடம்பு என்று ஒரு பகுதி. உடம்பில் இருப்பதுதான் திரையில் தெரியும். தலையில் இருப்பது உள்ளே இருந்து வேலை செய்யும். பக்கம் எந்த மொழி, தேடுகிறவனுக்கு என்னவென்று காட்ட வேண்டும், எந்தக் கோப்போடு சேர்ந்து இயங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான். சார் அதை ஒரு நிமிடத்தில் முடித்தார். தலையில் எதைப் போட்டாலும் வெளியே தெரியப்போவதில்லை, அதை விட்டுவிடுங்கள், உடம்புதான் முக்கியம் என்றார். அவர் சொன்ன பாடங்களிலேயே அவருக்கு முழுக்கப் பொருந்திய பாடம் அது.

பிறகு ஓடுகிற எழுத்து. 'வாருங்கள் வாருங்கள்' என்ற சொல் வலது ஓரத்தில் புறப்பட்டு இடது ஓரத்தில் மறைந்து மறுபடியும் வலது ஓரத்தில் முளைக்கும். உலகமே கைவிட்ட குறி அது. அதற்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை செலவழித்தார். எழுத்து ஓடும்போது அவர் கண்ணும் கூடவே ஓடும். திருவிழாவில் குடை ராட்டினம் பார்க்கிற குழந்தையின் முகம். அந்த நேரத்தில் மட்டும் அவரை வெறுக்க முடியாது. அந்த நேரம் சீக்கிரம் முடிந்துவிடும்.

வகுப்பில் இருந்தவர்களில் தேவகி அக்காவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து, பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். அம்மாவின் பழைய கூட்டாளி. சாமந்தி போடுகிறார்கள், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக. பூவை வெட்டிக் கட்டிப் பழைய பேப்பரில் சுற்றி ரோட்டோரத்தில் வைத்தால், மொத்தமாகப் பூ வாங்கும் முதலாளி தவுக்கேயின் லோரி வந்து ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும். என்ன விலை என்று அப்போது தெரியாது. பூ கீழே இறங்கிய பிறகுதான் விலை மேலே ஏறிவரும், போனில். தவுக்கே சொல்வதுதான் விலை. சரி என்று சொல்வதைத் தவிர அக்காவுக்கு அந்தப் பேச்சில் வேறு வசனம் கிடையாது.

முதல் நாள் அறிமுகத்தில் எல்லாரும் எதற்கு வந்தோம் என்று சொல்லச் சொன்னார் சார். ஜாம் விற்பவர் உலகம் முழுக்க விற்கப் போவதாகச் சொன்னார். பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடும் கணவன் மனைவி ஐந்து நட்சத்திரம் வாங்கப் போவதாகச் சொன்னார்கள். அக்கா எழுந்து நின்று, மடியில் இருந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு தடவையாச்சும் என் பூவுக்கு நான் வெல சொல்லணும் சார்."

சார் கைதட்டினார். இதுதான் ஆன்லைன் பிசினஸ் என்றார். அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. வகுப்பில் அவருடைய இணையப் பக்கத்தை நானும் அவருமாகச் சேர்ந்து கட்டினோம். மேலே சாமந்திப் படம் வர வேண்டும். சார் கொடுத்த மாதிரிப் பக்கத்தில் வேறு யாருடைய பூவோ இருந்தது, அது ரோஜா. அக்காவின் தோட்டத்தில் போய் நல்ல படமாக எடுத்து மாற்ற வேண்டும் என்பது மறக்காமல் இருக்க, பக்கத்தின் தலைப் பகுதியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தேன். அப்படி எழுதினால் திரையில் வராது, திறந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். 'அக்கா தோட்டத்துச் சாமந்தியைப் போட வேண்டும்.' அடியில் போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மாதிரிப் பக்கத்துப் போலி நம்பர்தான் கிடந்தது. மாற்றப் போனபோது சார் தடுத்தார். போன் அடித்தால் அது பழைய பிசினஸ், ஆர்டர் பட்டன் வழியாக மட்டும் வரவேண்டும், அதுதான் ஸ்டைல் என்றார்.

கடைசிப் பாடம் அந்தப் பட்டன்தான்.

வாங்குகிறவர் தன் பெயர், ஊர், எந்த நிறப் பூ, எத்தனை கட்டு என்று நிரப்புகிற கட்டங்கள். அதற்கு ஃபார்ம் என்று பெயர். நிரப்பியதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்ல அந்தக் குறிக்குள் ஓர் இடம் உண்டு, ஆக்‌ஷன் என்று. கடிதத்துக்கு விலாசம் மாதிரி. அந்த இடத்தில் சார் '#' என்று ஒரு ஹேஷ் குறியைப் போட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. எங்கேயும் போகாதே, இருந்த இடத்திலேயே இரு என்பதுதான் அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு சிறிய பெட்டி வந்து குதித்தது.

'நன்றி! உங்கள் ஆர்டர் கிடைத்தது.'

வகுப்பு முழுக்கக் கைதட்டினோம். ஜாம்காரர் எழுந்துபோய்ச் சாரின் கையைக் குலுக்கினார். அக்காவுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்து முகமெல்லாம் பூரிப்பு. தன் கையாலேயே இன்னொரு தடவை அழுத்தினார். இன்னொரு தடவை கிடைத்தது.

நான் கையைத் தூக்கினேன். "சார், யாருக்குக் கிடைச்சிச்சு?"

"என்ன தம்பி?"

"ஆர்டர் கிடைச்சிச்சுன்னு வருது. யாருக்குக் கிடைச்சிச்சு சார்? அக்காவுக்கா?"

சிரிப்பு அசையாமல் என்னைப் பார்த்தார். சர்வருக்குப் போகும் என்றார். எந்த சர்வர் என்றேன். தோட்டத்துப் பிள்ளைங்க ரொம்பக் கேள்வி கேக்குதுங்க என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். பிறகு என் தோளில் கைபோட்டு அந்தத் தத்துவத்தை எடுத்துவிட்டார். முன்னாடி நல்லா இருக்கா, இல்லியா? அவ்வளவுதான்.

எல்லாருடைய பக்கத்தையும் இணையத்தில் ஏற்றிவிட்டுச் சான்றிதழ் கொடுத்தார். முன்பக்கம் தங்க எழுத்து. பின்பக்கம் வேறு எதற்கோ அச்சடித்து வீணான தாள்.

தைப்பூசம் நெருங்கியது. மலைக்குக் கீழே கிள்ளான் டவுனில் இருக்கும் அக்காவின் நாத்தனார் அந்தப் பக்கத்தைத் தன் கோயில் மாதர் கூட்டத்தில் எல்லாருக்கும் அனுப்பிவைத்தார். ஒருநாள் போன் போட்டு, அண்ணி, நான் ஆர்டர் போட்டாச்சு, கிடைச்சிச்சுன்னு வந்திருச்சு, எங்க கோயில்லயும் போட்டுட்டாங்க, பக்கத்துக் கோயில்லயும் போடறாங்களாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா சாரிடம் கேட்டார். சர்வரில் சேர்ந்துகொண்டிருக்கிறது, பண்டிகைக்கு முன்னால் மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்று பதில் வந்தது, கட்டைவிரல் படத்தோடு.

அதை நம்பித்தான் அக்கா தவுக்கேயிடம் சொன்னார். இந்தப் பண்டிகைக்கு என் பூ உங்க லோரியில் வராது என்று. தவுக்கே கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் பூ தூக்குமா என்று மலாய் மொழியில் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அக்காவும் சிரித்திருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் கிள்ளானுக்குப் போக ஒரு வேன் பேசி வைத்தார். பூவை வெட்டி வாளிகளில் நிறுத்தினார்கள். யாருக்கு எத்தனை கட்டு, எந்த நிறம் என்ற விவரம்தான் வரவேண்டும். அது சர்வரில் இருக்கிறது. சார் போனை எடுக்கவில்லை.

வேன் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா எங்கள் லயத்துக்கு வந்தார். பின்வாசல் வழியாகத்தான் வந்தார். எங்கள் லயத்தில் சொந்த ஜனம் யாரும் முன்வாசலைத் தட்டுவதில்லை. அது துரைமார்களுக்கும் ஓட்டு கேட்டு வருகிறவர்களுக்கும். அம்மா அடுப்படியில் டீ போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பழைய லேப்டாப்பில் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். இந்தச் சில மாதங்களில் நானாகத் தேடிப் படித்திருந்தேன். அந்த ஹேஷ் குறியைப் பார்த்ததும் அதன் அர்த்தம் புரிந்துவிட்டது.

"அக்கா, இந்தப் பட்டன் யாருக்கும் எதையும் அனுப்பல."

"அனுப்பலன்னா?"

"எங்கயும் போகல. நிரப்பினது அப்படியே அழிஞ்சிரும்."

"நன்றின்னு சொல்லுதே தம்பி."

"அழுத்தினா நன்றி சொல்லும். அது மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

அக்கா டீயைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன நாளா யாரு நன்றி சொன்னது?"

"யாரும் இல்லக்கா."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பட்டனை மெதுவாக ஒரு தடவை அழுத்தினார். பெட்டி குதித்து வந்தது. அதை வாய்விட்டுப் படித்தார். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர், எழுத்துக்கூட்டாமல் படிப்பார்.

நாத்தனார் போன் மேல் போன் போட்டு, தெரிந்தவர்களிடம் மட்டும் விவரம் திரட்டினார். அந்தப் பூவோடு வேன் பாதி காலியாகக் கீழே இறங்கியது. மிச்சப் பூ வாளியில் நின்றது. அக்கா ரோட்டோரத்தில் போய் நின்றார். தவுக்கேயின் லோரி நின்றது. ஏற்றிக்கொண்டார். விலை மறுநாள் வந்தது. என்ன விலை என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதைவிட மோசமானது பண்டிகை முடிந்த பிறகு வந்தது. நாத்தனாருக்குத் தெரியாத எத்தனையோ பேர் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். கிடைத்தது என்று வந்ததை நம்பி வேறு இடத்தில் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்கள். கிள்ளானில் ஒரு கோயில் அம்மா பேசி அனுப்பிய குரல் பதிவை நாத்தனார் அக்காவுக்கு அனுப்பினார். கிடைச்சிச்சுன்னு சொல்லிட்டு ஏமாத்திட்டாங்க, சாமிக்குப் போட பூ இல்லாம நின்னோம், அந்த மலைக்காரி நல்லா இருப்பாளா என்று இருந்தது. அக்கா என்னிடம் அதைப் போட்டுக் காட்டினார். முழுதாகக் கேட்கும்வரை போனை என் கையில் கொடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மாடி ஏறினோம். புது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வேறு முகங்கள், அதே ஓடுகிற எழுத்து. கதவு ஜன்னலெல்லாம் மூடி ஆள் நெருக்கமாக இருந்ததால் அறை புழுங்கியது. சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வெள்ளைப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாங்க வாங்க என்றார். இவங்கதான் நம்ம பழைய மாணவி, திரிங்காப்பில் இருந்து உலகம் முழுக்கப் பூ விக்கிறாங்க என்று புதியவர்களிடம் சொன்னார். அவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் முடியும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். சத்தம் போடவில்லை. ஆர்டர் ஒன்றும் வந்து சேரவில்லை, கோயில்காரர்கள் காத்திருந்து ஏமாந்துபோனார்கள், என்னைத் திட்டுகிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார்.

"அக்கா, நான் பேஜ் செஞ்சி குடுத்தேன். பேஜ் நல்லா இருக்கா, இல்லியா?"

"நல்லாத்தான் சார் இருக்கு."

"அப்பறம் என்ன?"

"பின்னாடி ஒண்ணும் இல்லியே சார்."

சார் புதியவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஒரு சின்ன விஷயத்தைச் சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற சிரிப்பு. "பின்னாடி வேற பேக்கேஜ் லா அக்கா. நீங்க எடுத்தது முன்னாடி பேக்கேஜ்."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். படித்தவன் நான்தானே, நான்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன். சர்வர், ஆக்‌ஷன் என்று ஏதேதோ வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு நேராகச் சாரிடம் போனார். பக்கத்தில் போய், அவரைச் சுற்றிப் போகப் பார்த்தார். சார் பலகையோடு ஒட்டிக்கொண்டு அவர் போகிற பக்கம் திரும்பினார். அக்கா மறுபக்கம் போனார். அவரும் மறுபக்கம் திரும்பினார். முன்வரிசையில் யாரோ களுக் என்று சிரித்தார்கள்.

"என்னக்கா பாக்கறீங்க?" சாருக்கு முதல்முறையாகக் குரல் இறங்கியது.

"பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கறேன் சார்."

அவர் அவசரமாக நாற்காலியில் கிடந்த கோட்டை எடுக்கப் போனார். நாற்காலி எங்கள் பக்கம் இல்லை, ஜன்னல் பக்கம். அதனால் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பினார்.

பலகையில் எழுதியிருந்ததெல்லாம் அவர் சட்டையின் முதுகில் இருந்தது. சாய்ந்து சாய்ந்து நின்றதில் மார்க்கர் மை முழுக்கத் துணியில் ஏறிவிட்டது. முன்பக்கம் வெள்ளைவெளேர் என்ற சட்டை. பின்பக்கம் கசங்கிக் கறுத்து, தலையும் உடம்பும் திறந்த குறியும் மூடிய குறியும் இடம்வலமாக மாறி அப்பிக் கிடந்தன. பலகையில் ஒன்றுமே மிச்சமில்லை. அத்தனை பாடமும் ஒரு முதுகில். தோள்பட்டைக்குக் கீழே 'நன்றி' என்பது மட்டும் மங்கலாக, கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரிந்தது.

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்பியபோது சிரிப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை அருவருப்பாக இருக்கிறது. ஒருவர் வெட்கப்பட்டால் அவரை மன்னிக்க ஒரு வழி கிடைக்கும். இவர் கோட்டின் பொத்தானைப் போட்டார். டீ பிரேக் என்றார்.

கீழே இறங்கும்போது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்தபிறகுதான் அழுதார்.

கொஞ்ச நாளில் பேனர் மாறியது. புதுப் பேனரில் சாரின் படத்துக்குப் பக்கத்தில் அக்காவின் படம், முதல் நாள் எடுத்தது, கையில் பிடித்த பையோடு. 'இவரைப் போல் நீங்களும்!' என்று எழுதியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அக்கா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் இப்போது ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பக்கங்களுக்குப் பின்னால் இருக்கும் வேலை. வந்தது எங்கே போக வேண்டும், போனது யாருக்குக் கிடைத்தது என்று பார்ப்பது. அக்காவின் பக்கத்தைச் சரியாகக் கட்டித் தருகிறேன் என்று பலதடவை சொல்லிவிட்டேன். வேண்டாம் என்கிறார். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் ஆர்டர் எடுக்கிறார். ஒவ்வொருவருக்கும் பதில் பேசி அனுப்புவார்: உங்க மஞ்சள் சாமந்தி ஆர்டர் கிடைச்சிச்சு, எனக்குக் கிடைச்சிச்சு, நான் தேவகி பேசறேன். கிள்ளான் கோயில் அம்மாவிடம் நாத்தனாரோடு நேரில் போய்ப் பேசி வந்தார். அந்த அம்மா இப்போது கொஞ்சம் பூ வாங்குகிறார். விலையை அக்கா சொல்கிறார். மிச்சப் பூ இன்னமும் தவுக்கேயின் லோரியில்தான் இறங்குகிறது.

போன மாதம் சாரின் விளம்பரம் என் போனில் வந்து நின்றது. இப்போது ஏஐ சொல்லித் தருகிறாராம். ஆன்லைன் பிசினஸுக்கு ஏஐ, ஓர் அறிமுகம். அதே கோட்டு, அதே சிரிப்பு, பின்னால் அதே கடற்கரைக் குடும்பம். கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு ஃபார்ம் இருந்தது. நான் உட்கார்ந்து எழுதினேன். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்ததையெல்லாம் எழுதினேன். ஹேஷ் குறியைப் பற்றி, வாளியில் நின்ற பூவைப் பற்றி, அந்தக் குரல் பதிவைப் பற்றி. படித்த பிள்ளை எழுதுவது போல ஒற்றுப்பிழை பார்த்து எழுதினேன். ஒரு வசவும் வீணாகக் கூடாது என்று திருத்திப் படித்துவிட்டு அனுப்பினேன்.

'நன்றி! உங்கள் செய்தி கிடைத்தது.'

அந்தப் பெட்டி குதித்த விதம் எனக்குத் தெரிந்த விதம். பக்கத்தின் உள்ளே திறந்து பார்த்தேன். ஆக்‌ஷனில் ஹேஷ். நான் எழுதியது எங்கும் போகவில்லை. எங்கள் பக்கத்தையே நகலெடுத்துப் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார். தலைக்குள் நான் எழுதிய குறிப்புகூட அப்படியே இருந்தது: 'அக்கா தோட்டத்துச் சாமந்தியைப் போட வேண்டும்.' அவர் தலைக்குள் ஒரு சாமந்தி இருப்பது அவருக்கே தெரியாது. அங்கேதான் அவர் பார்த்ததே இல்லையே.

நல்லவேளை, எழுதியதை முதலில் வேறிடத்தில் எழுதித்தான் ஒட்டியிருந்தேன். அதை அப்படியே தேவகி அக்காவுக்கு அனுப்பினேன். பூ வெட்டுகிற நேரம், பதில் வரத் தாமதமானது. பிறகு குரல் பதிவு வந்தது. பின்னணியில் பிளாஸ்டிக் கூரையில் மழை பெய்யும் சத்தம்.

"கிடைச்சிச்சு தம்பி. எனக்குக் கிடைச்சிச்சு. முழுசும் படிச்சிட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்க." கொஞ்சம் சிரிப்பு. "எல்லாம் சரி லா. அவரு முதுகப் பத்தி ஒண்ணுமே எழுதலியே?"